நாலு பேர் பார்த்தால்தான் குற்றமா? சாதி வசைக்குச் சட்டம் எழுதிய வரையறை

1

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது குற்றம் என்கிறது சட்டம். எந்த இடத்தில் வைத்துத் திட்டினால் குற்றம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. முதல் வாக்கியம் எல்லாருக்கும் தெரியும். அதை வைத்துத்தான் 'இப்பல்லாம் ஒரு வார்த்த பேச முடியல, உள்ள தூக்கி வச்சிருவாவ' என்று டீக்கடை பெஞ்சில் அலுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது வாக்கியம் திட்டியவனுக்கும் அவனுடைய வக்கீலுக்கும் புகாரை வாங்குகிற காவலருக்கும் தெரியும். திட்டு வாங்கினவருக்கு அது கடைசியில்தான் தெரியவருகிறது.

நான் ஆறுமுகநேரிக்காரன். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் பாத்தி மிதித்து, உப்பு வாரி, சுமந்து என்னைப் படிக்க வைத்தார்கள். படித்த படிப்புக்கு ஊரில் எனக்கு வாய்த்த வேலை மனு எழுதிக் கொடுப்பது. பட்டாவுக்கு, முதியோர் பென்சனுக்கு, கூலி பாக்கிக்கு, நடுநடுவே வன்கொடுமைப் புகாருக்கு. முந்தின மனுக்களை எழுத அஞ்சு நிமிசம் போதும். வன்கொடுமைப் புகாருக்கு ஒரு நாள் ஆகும். என்ன வார்த்தை சொன்னான் என்பதை அப்படியே எழுத வேண்டும். 'அந்த வார்த்தய நான் திரும்பச் சொல்லணுமா தம்பி?' என்று கேட்பார்கள். சொல்லித்தான் ஆகணும் அக்கா. என்ன சொல் என்று முதல் தகவல் அறிக்கையிலும் குற்றப்பத்திரிகையிலும் இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. அடுத்த கேள்வியைக் காவல் நிலையத்தில் கேட்பார்கள்: 'பக்கத்துல யாரு நின்னா? எத்தன பேரு பாத்தாவ?'

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? அதன் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

2

1948 நவம்பர் 29. அரசியல் நிர்ணய சபையில் தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. அன்றைக்கு வரைவில் அது 11ஆம் பிரிவு, இன்றைக்கு அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு. நசிருதீன் அகமது திருத்தம் ஒன்று கொண்டுவந்தார். மதத்தையோ சாதியையோ காரணமாக வைத்து எவரையும் தீண்டத்தகாதவராக நடத்தவோ கருதவோ கூடாது என்று இருக்கட்டும் என்றார். கே.டி. ஷா வேறொரு கேள்வி எழுப்பினார். தீண்டாமை என்ற சொல்லுக்கு வரையறை எங்கே? சில நாட்களில் பெண்களை ஒதுக்கி வைக்கிறார்களே, சாவு வீட்டுக்குப் போய் வந்தவரை ஒதுக்குகிறார்களே, அதுவும் இதில் வருமா? அம்பேத்கர் திருத்தத்தை ஏற்கவில்லை. ஷாவின் கேள்விக்கு விளக்கமும் கொடுக்கவில்லை. தலித் பெண் உறுப்பினரான தாட்சாயணி வேலாயுதன் அன்று பேசினார். பிரிவு நிறைவேறியது. அவையில் எழுந்த முழக்கம் மகாத்மா காந்திக்கு ஜே!

வரையறை இல்லாமல் விட்டது மறதியா? நான் அப்படி நினைக்கவில்லை. அச்சில் 17ஆம் பிரிவைப் பாருங்கள், தீண்டாமை என்ற சொல் மேற்கோள் குறிக்குள் நிற்கும். 1950களின் பிற்பகுதியில் மைசூர் உயர் நீதிமன்றம் அந்த மேற்கோள் குறியைப் பிடித்துக்கொண்டுதான் பொருள் சொன்னது. இது அகராதியில் உள்ள தீண்டாமை இல்லை, இந்த நாட்டில் வரலாற்றில் வளர்ந்துவந்த வழக்கம் என்றது. தொற்றுநோய்க்காரரை ஒதுக்குவதும் சேரியை ஒதுக்குவதும் ஒன்றல்ல. வரையறை எழுதினால் அந்த வரையறைக்கு வெளியே நின்றுகொண்டு புதுசு புதுசாகத் தீண்டாமை செய்வான். தனி டம்ளர் வரையறையில் இருந்தால் அவன் பிளாஸ்டிக் கப்பைக் கொண்டுவருவான். வரையறை எழுதாவிட்டாலோ நீதிபதியின் மனசு என்ன சொல்கிறதோ அதுதான் வரையறை. இந்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவில்தான் நம்முடைய சட்டங்கள் எழுபது வருசமாக நடக்கின்றன.

3

1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. கோயில், கிணறு, கடை, சலூன் எல்லாம் அதில் இருந்தன. வாய் வார்த்தை 1976 திருத்தத்தில்தான் வந்தது. தீண்டாமையின் பெயரால் அவமதித்தால், அவமதிக்க முயன்றால் குற்றம் என்று சேர்த்தார்கள். சட்டத்தின் பெயரையும் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று மாற்றினார்கள். அந்த வரிக்குள் 'நாலு பேர் பார்வை' கிடையாது. ஆனால் அவமதிப்பு தீண்டாமையின் பெயரால்தான் நடந்தது என்று காட்ட வேண்டும். 'நான் கோவத்துல திட்டினேன், தீண்டாம பாத்தா திட்டினேன்?' என்று தப்பிக்கொள்ள அதுவே வழியாகியது.

1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 1990 ஜனவரி 30இல் நடைமுறைக்கு வந்தது. இதன் 3(1)(10)ஆம் பிரிவுதான் நம் கதையின் நாயகன். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர், அப்படிச் சேர்ந்த ஒருவரை, இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தால் அல்லது மிரட்டினால், அது பொதுப் பார்வையில் படும் எந்த இடத்தில் நடந்தாலும், ஆறு மாதம் முதல் ஐந்து வருசம் வரை தண்டனை.

இந்த வரியில் நாலு ஆணி அடித்திருக்கிறார்கள். யார் சொன்னது, யாரைச் சொன்னது, என்ன நோக்கத்தில் சொன்னது, எங்கே சொன்னது. எந்தச் சொல் என்று இதில் இல்லை. தடை செய்த சொற்களின் பட்டியல் கிடையாது. எந்தக் கருத்தும் தடை செய்யப்படவில்லை.

முதல் ஆணியின் அருமை எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் 'பறையன்'. ஊர்க்காரன் வசையாக எறிந்த சொல்லை எடுத்துத் தலைப்பில் வைத்தார். நூறு வருசம் கழித்து பாமா 'கருக்கு' எழுதினபோதும் சேரியின் பேச்சு கூசாமல் அச்சேறியது. சொல்லைத் தடை செய்கிற சட்டம் ஒன்று இருந்தால் முதலில் உள்ளே போவது நாம்தான். 1989 சட்டம் சொல்லைப் பார்க்கவில்லை. சொல்லுகிற வாய் அதிகாரத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தது.

இதற்குள்ளும் ஓட்டை உண்டு, அதை நாமே பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? பட்டியல் சாதிக்குள்ளேயே ஒருவர் அருந்ததியரை இழித்துப் பேசினால் இந்தப் பிரிவு வராது. எங்கள் கடற்கரை நெடுகத் தேவாலயங்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதி இல்லை. ஆணை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்தது, கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கினவரைத் திட்டுகிறவன் பழைய சாதிப் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறான். அவன் நாக்குக்குத் தெரிகிற சாதி சட்டத்தின் காதுக்குத் தெரியவில்லை.

4

பேச்சுரிமை என்று ஒரு கட்சி இருக்கிறது. அதையும் நேராகப் பார்க்க வேண்டும்.

அதே 1989. வன்கொடுமைச் சட்டம் வருவதற்குச் சில மாதம் முன்னால், மார்ச் 30ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. படம் 'ஒரே ஒரு கிராமத்திலே'. பார்ப்பனப் பெண் ஒருத்தி பட்டியல் சாதிச் சான்றிதழோடு வளர்ந்து ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆகிறாள் என்பது கதை. இட ஒதுக்கீடு சாதியைப் பார்த்து இருக்கக் கூடாது, பொருளாதாரத்தைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது படத்தின் வாதம். தணிக்கைக் குழு 'யு' சான்றிதழ் கொடுத்தது. நம் பக்கத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன் உச்ச நீதிமன்றம் போனார். படம் ஓடினால் கலவரம் வரும் என்று தமிழக அரசு வாதாடியது. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள உறவு வெடிமருந்துப் பீப்பாய்க்கும் தீப்பொறிக்கும் உள்ள உறவு மாதிரி நெருக்கமாக இருந்தால்தான் தடுக்கலாம் என்றது. கூட்டம் கூடி மிரட்டுகிறது என்பதற்காகப் பேச்சைத் தடுப்பது மிரட்டலுக்குப் பணிவது, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது அரசின் வேலை என்றது.

அந்தப் படத்தின் வாதம் வரலாற்றுப் பொய். சாதியால் மறுக்கப்பட்டதைச் சாதியைப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். ஆனாலும் அந்தத் தீர்ப்பு நமக்கு வேண்டியது என்று சொல்வேன். ஏன்?

நம் பேச்சின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். 1927 டிசம்பர் 25, மகாடில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. யார் மனசும் புண்படாமலா அது நடந்தது? 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையைப் பார்த்துவிட்டுச் சில பகுதிகளை எடுக்கச் சொன்னது. ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடே ரத்தானது. 'சாதி ஒழிப்பு' அப்படித்தான் அவர் சொந்தக் காசில் அச்சானது. மகாராட்டிர அரசு அவருடைய 'இந்து மதத்தின் புதிர்கள்' நூலை வெளியிட்டபோது 1987-88இல் சிவசேனை தெருவில் இறங்கியது. நம் மக்களும் இறங்கினார்கள். தமிழ்நாட்டில் 2014இல் துரை குணா 'ஊரார் வரைந்த ஓவியம்' எழுதி ஊர் விலக்கத்தைச் சந்தித்தார். 2015 ஜனவரியில் 'மாதொருபாக'னுக்காகப் பெருமாள்முருகனைச் சமாதானக் கூட்டம் என்ற பெயரில் மண்டியிட வைத்தார்கள். 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை எழுதச் சொன்னபோது ரங்கராஜன் வழக்கின் வழியில்தான் நடந்தது. 2019இல் இராசராச சோழன் காலத்து நிலப் பறிப்பைப் பற்றித் திருப்பனந்தாளில் பேசிய பா. ரஞ்சித் மேல் வழக்குப் பதிந்தார்கள். எந்தப் பிரிவில்? பிரிவினரிடையே பகை வளர்த்ததாக, 153ஏ. (2024 ஜூலை 1க்குப் பிறகு அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 196.)

153ஏவுக்கும் வன்கொடுமைச் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். 153ஏவுக்கு மேலே கீழே தெரியாது. ஆண்டவனும் அடிமையும் அதற்கு இரண்டு 'பிரிவினர்'. ஆகவே அடிமை பேசினாலும் பகைதான். 'எல்லாச் சாதியையும் இழிவிலிருந்து காப்போம்' என்று நடுநிலையாக எழுதுகிற எந்த வரையறையும் கடைசியில் பெரிய சாதியின் பெருமையைத்தான் காக்கும்.

5

இனி நாலாவது ஆணி. 'பொதுப் பார்வை.'

2008இல் தில்லி வழக்கொன்று. காரோட்டி ஒருவரை வீட்டு வாசலில் காருக்குப் பக்கத்தில் சாதிப் பெயர் சொல்லி இழித்தார்கள். பொது இடம் வேறு, பொதுப் பார்வையில் படும் இடம் வேறு என்றது உச்ச நீதிமன்றம். வீட்டு வாசல் தனியார் இடம்தான், ஆனால் தெருவில் போகிறவர் பார்க்க முடியும், ஆகவே குற்றம். இது நமக்குச் சாதகமான விளக்கம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், சாதிப் பெயரைச் சொல்லி வைவதே தனிப் பிரிவாக ஆனது. மறைந்த தலைவர்களை இழிவுபடுத்துவதும் குற்றமானது. பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ முன்பே அறிந்தவன் அவருடைய சாதியையும் அறிந்தவன் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சேர்த்தார்கள். 'பார்வை' என்ற ஆணி மட்டும் அப்படியே இருந்தது.

2018 மார்ச் 20இல் உச்ச நீதிமன்றம் கைதுக்கு முன்னால் அனுமதி வேண்டும், முன்விசாரணை நடத்தலாம் என்று சட்டத்தின் பல்லைப் பிடுங்கப் பார்த்தது. ஏப்ரல் 2 பாரத் பந்த்தில் தலித்துகள் உயிரைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைக் கொண்டுவந்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தெருவில் கிடைத்த வெற்றி அது. ஆனால் பார்வைச் சங்கதியில் கதவு மறுபடி சாத்தியது. 2020 நவம்பரில், உத்தராகண்ட் வழக்கில், நாலு சுவருக்குள் வெளியாள் யாரும் இல்லாமல் திட்டினால் இந்தப் பிரிவு பொருந்தாது என்றார்கள். 2025 ஜனவரி 31இல் நம் திருச்சி மாவட்ட வழக்கு. பட்டியல் சாதியைச் சேர்ந்த வருவாய்த்துறை அலுவலரை அவருடைய அலுவலக அறைக்குள்ளேயே சாதிப் பெயர் சொல்லி ஏசினார் என்பது புகார். சக ஊழியர்கள் வந்தது அதற்குப் பிறகுதான், ஆகவே பொதுப் பார்வை இல்லை, வழக்கு ரத்து.

அரசு அலுவலகத்தில், அரசு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கே இதுதான் நிலைமை. அப்புறம் உப்பளத்தில் நிற்கிற பொம்பளைக்கு? வாரக் கூலி வாங்கக் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற கொட்டகைக்கு ஒத்தையாகத்தான் போக வேண்டும். எடுப்பதும் கொடுப்பதும் அங்கேதான், ஏச்சும் அங்கேதான். வெளியே நிற்கிற நாலு பேரும் அதே கூலிக்கு நிற்கிறவர்கள். 'காதுல விழல'ன்னுதான் சொல்லுவாவ, மறுநாள் வேலைக்கு வரணுமே. விடுதிக் காப்பாளர் அறையிலும் ஆராய்ச்சி மாணவரின் நெறியாளர் அறையிலும் இதே கதைதான். சாதி மிகவும் கூர்மையாக வேலை செய்கிற இடங்கள் கதவு சாத்திய இடங்கள்.

சட்டம் ஏன் பார்வையைக் கேட்கிறது? இழிவு என்பது ஊர் முன்னால் நடந்தால்தான் இழிவு என்று அது நினைக்கிறது. மானம் என்பது நாலு பேர் மதிப்பில் இருப்பது என்ற பழைய எண்ணம். மானம் இருக்கிறவனுக்கு அது சரி. மனுசனாகவே எண்ணப்படாதவருக்கு, தனியாக வைத்து 'நீ இன்னார்தான்' என்று சொல்லப்படுவது, இன்னும் ஆழமாக இறங்குகிறது. சாட்சி இல்லை என்பதே அந்த அவமதிப்பின் பாதி பலம்.

6

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உள்ளதல்ல. அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பிறகும் யூத வெறுப்பு சாகவில்லை. 2018இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தொழுகைக் கூடத்துக்குள் புகுந்து ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். யூத வெறுப்பு என்றால் என்ன என்று 2016 மே மாதம் சர்வதேச யூதப் படுகொலை நினைவுக் கூட்டமைப்பு ஒரு வரையறையை ஏற்றது. இரண்டு வாக்கியம், பதினோரு எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டுகளில் பலவும் இஸ்ரேல் அரசைப் பற்றிய பேச்சோடு தொடர்புடையவை. அதன் முதல் வரைவை எழுதுவதில் முன்னின்றவர் கென்னத் ஸ்டெர்ன். அவரே பின்னால், இது புள்ளிவிவரம் சேகரிக்க எழுதியது, பல்கலைக்கழகத்தில் பேச்சைத் தண்டிக்கச் சட்டமாக்காதீர்கள் என்று எதிர்த்தார். கேட்கவில்லை. 2024 மே 1இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அந்த வரையறையைக் கல்வித்துறைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் மசோதாவை 320க்கு 91 என்று நிறைவேற்றியது. அந்த முறை செனட்டில் அது சட்டமாகவில்லை. யூதரை வெறுப்பதும் ஓர் அரசின் குண்டுவீச்சைக் கண்டிப்பதும் ஒன்றாகிவிடும் என்று எதிர்த்தவர்களில் யூதர்களும் நிறைய.

இது நமக்கு எதற்கு? அந்தப் பாத்திரத்தில் இப்போது வேறு சரக்கு ஊற்றப்படுகிறது. 2023 பிப்ரவரி 21இல் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியாவில் அதே நோக்கத்தில் வந்த மசோதாவை 2023 அக்டோபர் 7இல் ஆளுநர் ரத்து செய்தார். அதே 2023இல் ஜார்ஜியா சட்டமன்றம் 'இந்து வெறுப்பு' என்பதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 2025இல் அதற்குச் சட்ட வரையறை கொடுக்க மசோதாவே அறிமுகமானது. இந்துவை இந்து என்பதற்காக அடித்தால் அது குற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் சாதியைப் பற்றிப் பேசுவதே இந்து வெறுப்பு என்று அங்கே சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் வரையறை போனால் அம்பேத்கரைப் படிப்பிக்கிற வாத்தியார் பதில் சொல்ல வேண்டிவரும்.

பாடம் இதுதான். வெறுப்புக்கு வரையறை எழுதும்போது கருத்துகளைப் பட்டியல் போட்டால், அந்தப் பட்டியல் அதிகாரத்தில் இருக்கிறவன் கைக்குப் போகும். உறவை வரையறுத்தால், யார் யார் மேல் என்ன அதிகாரத்தோடு என்று கேட்டால், அது அடிபடுகிறவர் கையில் நிற்கும்.

7

அப்படியானால் நாம் என்ன கேட்பது?

சட்டத்தை இன்னும் அகலமாக்கு, நம் தலைவர்களைப் பற்றி, இட ஒதுக்கீட்டைப் பற்றி எவனும் வாய் திறக்கக் கூடாது என்று கேட்கிற தோழர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. இட ஒதுக்கீடு வேண்டாம் என்பவனுக்கு நான் பதில் எழுதுவேன், புகார் எழுத மாட்டேன். 2024 ஆகஸ்டில் கேரள யூடியூபர் ஒருவர் வழக்கில், பட்டியல் சாதி சட்டமன்ற உறுப்பினரை விமர்சிப்பதெல்லாம் சாதி அவமதிப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் எனக்குத் தகராறு இல்லை. நம் எம்.எல்.ஏ.வையும் கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாம்தானே.

கேட்க வேண்டியது வேறு. நாலாவது ஆணியைப் பிடுங்கி வேறிடத்தில் அடிக்க வேண்டும். 'பொதுப் பார்வையில் படும் எந்த இடத்திலும்' என்பதோடு, கூலி கொடுக்கிற இடம், மதிப்பெண் போடுகிற இடம், சான்றிதழ் கொடுக்கிற இடம், சிகிச்சை தருகிற இடம், காவலில் வைக்கிற இடம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். அங்கே சாட்சி நாலு பேர் வேண்டாம். யார் பிடி யார் கையில் இருக்கிறது என்பதே போதும். நோக்கத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு இருக்கட்டும், பொய்ப் புகாருக்கு அது தடை. இரண்டு நண்பர்கள் வீட்டுக்குள் பேசுகிற பேச்சுக்குள் போலீஸ் நுழைய வேண்டாம், அங்கே பிடி இல்லை. மதம் மாறியவரும் இந்தப் பிரிவுக்குள் வர வேண்டும்.

இதனால் பேச்சுரிமைக்கு என்ன நட்டம்? 19(2)இல் உள்ள காரணங்களைத் தவிர வேறு காரணத்துக்காகப் பேச்சைக் கட்டுப்படுத்த முடியாது என்று 2023 ஜனவரியில் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டியலில் மாண்பு என்ற சொல் இல்லை என்று நாளைக்கு ஒருவன் வாதாடுவான். அவனுக்கு என் பதில் 17ஆம் பிரிவு. தீண்டாமை எந்த வடிவத்திலும் கூடாது என்கிறது அது. கூலியைக் கையில் வைத்துக்கொண்டு சாதியைச் சொல்லி ஏசுவது கருத்துச் சொல்வதல்ல, தீண்டாமை செய்வது. கருத்துக்கு மறுகருத்து சொல்லலாம். கணக்கப்பிள்ளைக்கு மறுகருத்து சொன்னால் அடுத்த வாரம் வேலை இல்லை. எங்கே பதில் பேச முடியுமோ அங்கே எவ்வளவு கசப்பான பேச்சும் இருக்கட்டும். பதில் பேச முடியாத இடத்தில்தான் சட்டம் நம் பக்கம் வந்து நிற்க வேண்டும்.

'எத்தன பேரு பாத்தாவ?' என்று இனிமேல் கேட்காதீர்கள். 'அவன்ட்ட உனக்கு என்ன ஆவணும், அவன் இல்லன்னா உன் பொழப்பு என்னாவும்?' என்று கேளுங்கள். குற்றம் எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியும்.